வேப்பிங் பற்றி மேடையில் பேசுவோர் கவனிக்க வேண்டியவை

சிகரெட்டை விட முடியாமல் தவிப்பவர்களிடம் வேப்பிங்கை, அதாவது மின்சிகரெட் பிடிப்பதை, தீங்கு குறைந்த மாற்றுவழியாக எடுத்துச் சொல்வது பிரிட்டனில் அரசின் பொதுச் சுகாதாரக் கொள்கைக்கு உட்பட்ட செயல். 2023இல் இங்கிலாந்தில் 10 லட்சம் புகைபிடிப்போருக்கு வேப்பிங் கருவிகளை வழங்கும் திட்டத்தை அரசே அறிவித்தது. இருந்தாலும், லண்டன் தமிழர் கூட்டங்களில் இதைப் பற்றிச் சில ஆண்டுகளாகப் பேசிவரும் எனக்கு, முதல் கூட்டத்திலேயே சறுக்கியது.

அன்று நான் சொன்ன வாக்கியம் "வேப்பிங் பாதுகாப்பானது" என்பதுதான். கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா அருகில் வந்து, "மகன்ர பள்ளிக்கூட பையில அதக் கண்டு போன கிழமைதான் ஏசினனான். நீங்கள் பாதுகாப்பு எண்டு சொல்லுறியள், தம்பி" என்றார். அந்தப் பையன் ஒருநாளும் சிகரெட்டைத் தொட்டவன் அல்லன். என் வாக்கியத்தில் "எதை விட", "யாருக்கு" என்ற இரண்டு சொற்களும் இல்லாததால், அது அவனுக்கும் பொருந்துவதாகிவிட்டது.

எனவே உரையைத் தயாரிக்கும்போது முதலில் அந்த ஒரு வாக்கியத்தைச் செப்பனிட்டுக்கொள்ள வேண்டும். நான் இப்போது பயன்படுத்துவது இது: "ஏற்கெனவே புகைபிடிக்கும் ஒருவர் சிகரெட்டை முற்றாக விட்டுவிட்டு வேப்பிங்குக்கு மாறினால், அவருக்கு வரும் தீங்கு பெருமளவு குறையும், ஆனால் அது தீங்கற்றதும் அன்று, புகைபிடிக்காதவர் தொடங்க வேண்டியதும் அன்று." நீளமான வாக்கியம்தான். ஆனால் இதில் எந்தத் துண்டை நீக்கினாலும் கேட்பவர் தவறாகப் புரிந்துகொள்ள இடம் ஏற்படுகிறது. "முற்றாக" என்ற சொல்லை நீக்கினால், காலையில் சிகரெட்டும் மாலையில் வேப்புமாக இரண்டையும் பிடிப்பவர் தமக்கு நன்மை கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

தமிழில் பேசும்போது ஒரு தனிச் சிக்கலும் உண்டு. "புகை" என்றால், வேப்பிலிருந்து வருவதும் சிகரெட் புகையும் ஒன்றே என்றாகிவிடும். அதைத் தவிர்க்க "ஆவி" என்றால், சளிக்கு நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பதுபோல ஏதோ வைத்தியம் என்ற எண்ணம் வந்துவிடும். நான் இரண்டையும் விலக்கி, "சூடாக்கப்பட்ட திரவத்தின் நுண்துளிகள்" என்று ஒருமுறை விளக்கிவிட்டு, பிறகு "வேப்" என்றே சொல்லிச் செல்கிறேன். அந்தத் திரவத்தில் பெரும்பாலும் புரொபிலீன் கிளைக்கால், தாவரக் கிளிசரின், சுவையூட்டிகள், நிகோடின் ஆகியவை இருக்கின்றன என்றும், பிரிட்டனில் நிகோடின் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்வது நல்லது.

ஏன் தீங்கு குறைகிறது என்பதை விளக்க, எரிதல் என்ற ஒரே கருத்தைப் பற்றிக்கொள்ளுங்கள். புகையிலை எரியும்போதுதான் தாரும் கார்பன் மோனாக்சைடும் இன்னும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களும் பிறக்கின்றன. வேப்பில் எதுவும் எரிவதில்லை. மனிதர்கள் நிகோடினுக்காகப் புகைக்கிறார்கள், ஆனால் தாரினால் இறக்கிறார்கள் என்று லண்டன் மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் 1976இலேயே எழுதினார். இதைச் சொல்வதைவிடக் காட்டுவது எளிது. புகைநிறுத்த ஆலோசகர்கள் வைத்திருக்கும் கார்பன் மோனாக்சைடு அளவிடும் சிறு கருவியை, முடிந்தால் ஓர் ஆலோசகரையே அழைத்து, மேசையில் வைக்கச் சொல்லுங்கள். மூச்சை 15 விநாடி அடக்கி, பிறகு குழாயில் மெல்ல ஊத வேண்டும். திரையில் எண் ஏறுவதை மண்டபமே எட்டிப் பார்க்கும். புகைபிடிக்காதவருக்குப் பெரும்பாலும் 10க்குக் கீழே நிற்கும்; வரும் வழியில் சிகரெட் பிடித்துவிட்டு வந்தவருக்கு அதைத் தாண்டி ஏறும்; சிகரெட்டை முற்றாக விட்டு வேப் மட்டும் பிடிப்பவருக்கு ஒன்றிரண்டு நாளிலேயே கீழே இறங்கியிருக்கும். யாரையும் கட்டாயப்படுத்தி ஊத வைக்காதீர்கள். மனைவிக்குத் தெரியாமல் பிடிப்பவர் எல்லா மண்டபங்களிலும் இருப்பார். இந்த எண் எரிதலைத்தான் காட்டுகிறது, நுரையீரலின் நிலையை அன்று என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

95 என்ற எண்ணில் மிகுந்த எச்சரிக்கை தேவை. வேப்பிங் சிகரெட்டைவிட ஏறத்தாழ 95 விழுக்காடு தீங்கு குறைந்தது என்று இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015இல் அறிவித்தது. அந்த மதிப்பீடு ஒரு நிபுணர் குழு கூடிக் கணித்தது. நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து அளந்தது அன்று. லான்செட் மருத்துவ இதழ் அதே ஆண்டில் இதைக் கடுமையாக விமர்சித்தது. மேடையில் அந்த எண்ணைச் சொன்னால், எழுந்து கேள்வி கேட்பவருக்கு நாமே கோலை எடுத்துக் கொடுத்ததாகிவிடும். "நீண்டகாலத் தீங்கு சிகரெட்டின் தீங்கில் 5 விழுக்காட்டைத் தாண்ட வாய்ப்பில்லை என்று ராயல் மருத்துவர் கல்லூரி 2016இல் கருதியது, பல பத்தாண்டுத் தரவு இன்னும் கையில் இல்லை" என்று சொன்னால் நேர்மையாகவும் இருக்கும், எதிர்ப்பையும் தாங்கும்.

எண் வேண்டுமென்றால் 2019இல் இங்கிலாந்தில் 886 பேரிடம் நடந்த சோதனையைச் சொல்லலாம். ஓராண்டு முடிவில் வேப் பயன்படுத்தியவர்களில் 18 விழுக்காட்டினரும், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்தியவர்களில் 9.9 விழுக்காட்டினரும் புகையை விட்டிருந்தார்கள். ஆனால் வேப் குழுவில் அப்படிப் புகையை விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பிறகும் வேப்பை விடவில்லை என்ற மறுபாதியையும் மறைக்கக் கூடாது. நாம் சொல்லாமல் விட்டதைக் கூட்டத்தில் யாராவது கைப்பேசியில் தேடி எடுத்துவிடுவார்.

கேள்வி நேரத்தில் அமெரிக்காவில் 2019இல் நுரையீரல் பாதிப்பால் பலர் இறந்தது பற்றி நிச்சயம் கேட்பார்கள். 68 மரணங்கள் பதிவானதை ஒப்புக்கொண்டுதான் விளக்கத்தைத் தொடங்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை கஞ்சாவின் போதைப்பொருள் சேர்த்த, முறைசாரா வழிகளில் வாங்கிய திரவங்களோடும், அவற்றில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்டோடும் தொடர்புபட்டவை. பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு வாதாடவே கூடாது. அந்தக் கவலை நியாயமானது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு விற்பது குற்றம் என்பதையும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்புகள் 2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் தடைசெய்யப்பட்டதையும் சொல்லி, பெற்றோர் பக்கம் நில்லுங்கள்.

உங்களுக்கு யார் பணம் தருகிறார்கள் என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். பெரிய சிகரெட் நிறுவனங்களே வேப்பும் விற்கின்றன. விற்பனையாளர் தரும் பதாகையின் கீழ் நின்று பேசினால் மேலே சொன்ன அத்தனை கவனமும் வீண். நான் எந்தக் கருவியின் பெயரையும் மேடையில் சொல்வதில்லை.

நம்மவர் கூட்டத்தில் மறக்கக் கூடாத ஒன்று, ஊருக்குப் போகும் பயணம். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்சிகரெட்டை உற்பத்தி செய்வதும், இறக்குமதி செய்வதும், விற்பதும், விளம்பரப்படுத்துவதும் தடை. முதல் குற்றத்துக்கே ஓராண்டுவரை சிறையோ 1 லட்சம் ரூபாய்வரை அபராதமோ விதிக்கப்படலாம். சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம். லண்டனில் ஆலோசகர் கொடுத்த கருவி சென்னை விமான நிலையத்தில் வில்லங்கமாகலாம் என்று சொல்லுங்கள். பயண நாட்களுக்கு நிகோடின் பட்டை கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் உரையின் காணொளி அந்த நாடுகளுக்கும் பகிரப்படும் என்பதால், பிரிட்டன் சட்டத்துக்கு உட்பட்டுப் பேசுகிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே பதிவுசெய்வதும் அவசியம்.

கடைசியில் வேப் கருவியைக் கையில் தூக்கிக் காட்டாதீர்கள். படம் பிடிப்பவர் அதைத்தான் பிடிப்பார். ஆலோசகரின் மேசையைத் தேநீர் வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். கூட்டத்தில் கை தூக்காதவர், கோப்பையோடு நகர்ந்து வந்து அங்கேதான் மெல்லக் கேட்பார்.