கரிசல் மானாவாரியில் மேல்மண்ணைத் தக்கவைத்தல்

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் புஞ்சைகள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசியில் ஒரே இரவில் கொட்டும் மழை, நீரோடு மேல்மண்ணையும் கரைத்து ஓடையில் சேர்த்துவிடும் என்பதால், அதைத் தடுக்கும் வேலைகளைச் சித்திரையிலேயே தொடங்கிவிட வேண்டும்.

கோடை மழை பெய்த ஈரம் காய்வதற்குள் சரிவுக்குக் குறுக்கே உழவு செய்யுங்கள். திருப்பங்கள் குறையும் என்பதற்காக டிராக்டர் ஓட்டுநர் நிலத்தின் நீளவாக்கிலேயே ஓட்டப் பார்ப்பார். நீளவாக்கும் சரிவும் ஒன்றாக இருந்துவிட்டால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்காலாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத சரிவைக் கண்டறியக் கொத்தனாரின் டியூப் மட்டமே போதும். நீர் நிரப்பிய குழாயின் இரு முனைகளையும் ஒரே அளவுக் குறியிட்ட இரு கம்புகளில் கட்டி, இரு நீர்மட்டங்களும் ஒரே குறியில் நிற்கும் இடங்களில் முளையடித்துச் சென்றால், உழ வேண்டிய திசை தானே புலப்படும்.

அடுத்து, ஆவணிக்குள் 8 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் பாத்திகள் பிரித்து, 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சிறு வரப்புகள் இடலாம். செம்மண்ணில் நன்கு பயன்படும் சமமட்டப் பெருவரப்பைக் கரிசலில் நான் பரிந்துரைக்க மாட்டேன். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் மண் இது, முதல் பெருமழை நீர் அந்த வெடிப்பில் புகுந்து வரப்பையே உடைத்துவிடும். பெருவரப்பு தேவைப்பட்டால், மிகுநீர் மெல்ல வடியும்படி சிறு வாட்டம் கொடுத்துப் போடுவதே சரி. அதன்மேல் கொழுக்கட்டைப்புல் நட்டால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், தீவனமும் கிடைக்கும். முதல் ஆண்டு மட்டும் ஆடு மேயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புரட்டாசியில், மழைக்கு முன்பே சோளத்தை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால், சிறு தூறலுக்கு ஏமாந்து முளைக்காமல் நல்ல மழைக்குக் காத்திருக்கும். இரண்டு வரிசைச் சோளத்துக்கு ஒரு வரிசைத் தட்டைப்பயறு சேர்த்தால், அதன் படர்ந்த இலைகள் மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்ளும்.

அறுவடைக்குப் பின் சோளத்தட்டை மாட்டுக்குப் போவது நியாயந்தான். ஆனால் அடிக்கட்டையை எரிக்காமல் நிலத்திலேயே விடுங்கள். பிறகு ஆட்டுக்கிடை போட்டு, அதாவது உரத்துக்காக ஆடுகளை இரவில் நிலத்திலேயே அடைத்து, இரவுதோறும் இடம் மாற்றி, கிடை எடுத்ததும் மேலோட்டமாக உழுதுவிட வேண்டும்; இல்லையேல் காசு கொடுத்துப் பெற்ற புழுக்கை, அடுத்த மழையில் மிதந்து பக்கத்துப் புஞ்சைக்குப் போய்ச் சேரும்.