புது பாகம் மாட்டியதும் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

புது பாகம் மாட்டிய பிறகு கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால், இன்னொரு புது பாகத்துக்கு உடனே ஆர்டர் போட்டுவிடாதீர்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் இதை அடிக்கடி பார்க்கிறேன். ராம் (மெமரி) மாட்டியிருப்பார்கள், டிஸ்பிளே வந்திருக்காது. மதர்போர்டு போய்விட்டது என்று அவர்களாகவே முடிவு கட்டி, மறுநாள் காலை கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். ஒரு நாள் பிழைப்பும் போய், கைக்காசும் போய், புது போர்டிலும் அதே இருட்டுத் திரைதான். நேற்று வரை ஓடிய மிஷின் இன்று நின்றுவிட்டதென்றால், இடையில் எங்கே கை பட்டதோ பெரும்பாலும் அங்கேதான் கோளாறு இருக்கும். புதிதாக மாட்டியதைக் கழற்றிவிட்டுப் பழையபடி மாட்டிப் பாருங்கள். ஓடினால் போர்டு, கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி, ப்ராசசர் எல்லாம் பிழைத்துக் கிடக்கின்றன என்று செலவில்லாமலே தெரிந்துவிடும்.

கழற்றுவதற்கு முன் ஒன்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். கேபினட் அணைந்திருந்தாலும், பிளக் மாட்டியிருக்கும் வரை போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். சில போர்டுகளின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு எரிகிறதே, அது அதற்குத்தான். அது எரியும்போது ராமைப் பிடுங்கி மாட்டுவது வேண்டாத வேலை.

எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் கண்டதையும் கழற்றுவது அடுத்த தவறு. ஃபேன்கூட அசையவில்லை என்றால் ராமையோ ஹார்டு டிஸ்க்கையோ சந்தேகப்படாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற சுவிட்ச், 24 பின் கனெக்டர், கேபினட்டின் பவர் பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயர், இந்த மூன்றையும் பாருங்கள். போர்டையே மாற்றியிருந்தால், அதன் அடியில் தேவையில்லாத இடத்தில் போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் திருகு ஒன்று மிச்சம் நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது பின்பக்க சால்டரில் பட்டால் ஷார்ட்தான். ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு என்றால் சங்கதி வேறு. ப்ராசசருக்குப் பக்கத்தில் மாட்டவேண்டிய 8 பின் பவர் கனெக்டரை மறந்திருக்கலாம். 24 பின் மட்டும் இருந்தாலே ஃபேன்கள் சுற்றும், விளக்கு எரியும், பார்க்க உயிர் இருப்பதுபோலத்தான் இருக்கும். இப்போது வரும் பல போர்டுகளில் ப்ராசசர், ராம், கிராபிக்ஸ், பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் வைத்திருக்கிறார்கள். எது அணையாமல் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

ராம் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். புது போர்டுகள் பலவற்றில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டும்தான் கிளிப் இருக்கும். அந்தப் பக்கம் ‘டக்’ என்று சத்தம் வந்ததும் முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். கண்ணை ஸ்லாட் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள்: கிளிப் இல்லாத முனையில் ராம் ஒரு நூல் உயரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். தங்க நிறக் காண்டாக்ட் அங்கே கொஞ்சம் வெளியில் தெரியும். இரண்டு முனையிலும் கட்டைவிரல் வைத்து நேராக அழுத்தினால் சரியாகிவிடும். இரண்டு ராம் என்றால், நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். போர்டுடன் வரும் புத்தகத்தில் ஏ2, பி2 என்று போட்டிருப்பார்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். உட்காரவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள், அது வேறு ரகம் என்று அர்த்தம்.

டிடிஆர்5 மாட்டியவர்கள் செய்யும் இன்னொரு தவறு, பொறுமையில்லாமல் பிளக்கைப் பிடுங்குவது. புது ராம் போட்டதும் முதல் முறை போர்டு அதைச் சோதித்து வேகத்தைச் சரிப்படுத்திக்கொள்ளும். அதுவரை திரை இருட்டாகத்தான் இருக்கும். சில நிமிடங்கள் ஆகலாம், நிறைய ராம் போட்டிருந்தால் இன்னும் கூடும். நடுவில் கரண்டை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கால் மணி நேரம் விட்டுவிட்டு, ஒரு டீ குடித்து வந்து பாருங்கள்.

நம் மலைக்கென்றே ஒரு தொல்லை உண்டு. மாதக்கணக்கில் மூடுபனியும் மழையுமாக இருக்கும் ஊரில், வருடக்கணக்கில் அசையாமல் கிடந்த பழைய ராமின் காண்டாக்டில் மங்கலாக ஒரு படலம் பிடித்திருக்கும். கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், இலை எடைக் கணக்குப் போடும் கம்ப்யூட்டருக்குக் கூடுதலாக ஒரு ராம் போட்டார்கள், உடனே படுத்துவிட்டது. புது ராமைக் கழற்றியும் எழவில்லை. காரணம் பழைய ராம்தான்: பக்கத்தில் கை பட்டதில் லேசாக அசைந்து, அதுவரை ஒட்டிக்கொண்டிருந்த தொடர்பு விட்டுப்போயிருந்தது. மென்மையான பென்சில் ரப்பரால் காண்டாக்டை லேசாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மாட்டியதும் வந்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, போனால் போனதுதான்.

ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். ராத்திரி முழுக்கக் காருக்குள் கிடந்த பாகத்தைக் கொண்டுவந்து, ஹீட்டர் ஓடும் அறையில் உடனே பிரித்து மாட்டினால், குளிர்ந்த உலோகத்தில் ஈரம் பூத்துவிடும். பெட்டியைப் பிரிக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் அறையிலேயே வையுங்கள். அந்த நாட்களில் காற்று வறண்டும் கிடக்கும், எல்லோர் உடம்பிலும் கம்பளி ஸ்வெட்டர் இருக்கும். பாகத்தைக் கெடுக்கும் ஸ்டாட்டிக் (நிலைமின்சாரம்) சேர இதைவிட வேறென்ன வேண்டும்? ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, பெயின்ட் இல்லாத கேபினட் உலோகத்தை அவ்வப்போது தொட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால்தான் மிஷின் ஆன் ஆகவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். காற்று அடர்த்தி குறைவதால் சூடு வெளியேறுவது கொஞ்சம் மந்தமாகுமே தவிர, ஆன் ஆகாமல் போவதற்கும் உயரத்துக்கும் சம்பந்தமில்லை.

கிராபிக்ஸ் கார்டு போட்டவர்கள் முதலில் மானிட்டர் கேபிள் எதில் சொருகியிருக்கிறது என்று பாருங்கள். கார்டில் சொருகவேண்டிய எச்டிஎம்ஐயைப் பழைய பழக்கத்தில் போர்டிலேயே சொருகியிருப்பார்கள். கார்டுக்குப் பவர் கொடுத்தீர்களா? ஸ்லாட்டிலிருந்து 75 வாட் வரைதான் கிடைக்கும், அதற்கு மேல் வேண்டியதை 6 பின், 8 பின் போன்ற தனிக் கேபிள் கொடுக்கவேண்டும். கார்டைக் கழற்றிச் சோதிக்கும்போதும் ஒரு கவனம்: மாடல் எண்ணின் கடைசியில் எஃப் என்று முடியும் இன்டெல் ப்ராசசர்களில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் அவற்றில் டிஸ்பிளே வராது, வரவில்லையே என்று பயப்படவும் வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது நடக்கும் ஒரு தவறுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்கிவிட்டு, கேபினட்டுக்குள் ஏற்கெனவே கட்டி வைத்த பழைய கேபிளையே புதியதில் சொருகிவிடுகிறார்கள். முனை பொருந்தும், உள்ளே ஒயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடலே மாறும். 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் ஹார்டு டிஸ்க் அங்கேயே கருகிவிடும், அதிலுள்ள கல்யாண வீடியோவும் கணக்கும் சேர்ந்து போகும். சோம்பல் படாமல் எல்லாக் கேபிளையும் மாற்றுங்கள். ப்ராசசருக்கான 8 பின், கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் இரண்டையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. முதலாவது 4+4 என்று பிரியும், இரண்டாவது 6+2 என்று பிரியும். 12 வோல்ட் பக்கமும் கிரவுண்டு பக்கமும் ஒன்றில் இருப்பதற்கு மற்றதில் தலைகீழ்.

புது ப்ராசசர், பழைய போர்டு என்றால் பயாஸை, அதாவது போர்டுக்குள் இருந்து மிஷினை எழுப்பும் மென்பொருளைப் பார்க்கவேண்டும். ஏஎம்டி ப்ராசசர்களுக்கான பி450 போர்டில் ரைசன் 5000 வரிசை ப்ராசசரைப் போட்டால், பயாஸ் பழையதாக இருக்கும் வரை அது ஆன் ஆகாது. ப்ராசசர் கெட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பழைய ப்ராசசரை மாட்டி, பயாஸைப் புதுப்பித்து, அப்புறம் புதியதைப் போடுங்கள். அதையும் யூபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள். 1932-லேயே பைக்காராவில் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்த மலை இது. ஆனாலும் ஆனி, ஆடிக் காற்றில் மரம் விழுந்து லைன் அறுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பயாஸ் பாதி எழுதியிருக்கும்போது கரண்ட் போனால், நல்ல போர்டு நிஜமாகவே படுத்துவிடும். காற்று அடிக்கும் நாளில் அந்த வேலையையே தொடாதீர்கள்.

எஸ்எஸ்டி மாற்றியபின் டிஸ்பிளே வந்து விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால், பெரும்பாலும் பாகம் எதுவும் கெட்டிருக்காது, தைரியமாக இருக்கலாம். எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் தொடங்குவது என்று சொல்லும் பூட் வரிசையைப் பாருங்கள். பழைய டிஸ்க் லெகசி என்ற பழைய பூட் முறையில் போட்டது, போர்டு யூஇஎஃப்ஐ என்ற புது முறையில் நிற்கிறது என்பதும் நடக்கும். சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டதும் டிஸ்க் கேபிள் சொருகும் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றிரண்டு தானாக அணைந்துவிடும். பழைய டிஸ்க் காணாமல் போனதென்றால் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். போர்டு மாற்றியவர்களிடம் விண்டோஸ், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். கேபினட்டைத் திறக்கும் முன்பே அதை எழுதி வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். சாவி இல்லாமல் உள்ளே இருப்பதை யாராலும் எடுத்துத் தர முடியாது.

இத்தனையும் பார்த்தாகிவிட்டது, ஒரே ஒரு ராம், ப்ராசசர், எஸ்எம்பிஎஸ் மட்டும் வைத்தும் போர்டு பேசவில்லை என்றால், சரி, கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். மேட்டுப்பாளையம் வழி வளைவுகளில் பஸ் ஆடும் ஆட்டத்தில் கனமான கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டையே பெயர்த்துவிடும். அதைக் கழற்றி அதன் பெட்டியிலேயே போட்டுத் தனியாக எடுத்துச் செல்லுங்கள், கேபினட்டைப் படுக்கவைத்து மடியில் வையுங்கள். எதை மாட்டினீர்கள், எதைக் கழற்றிப் பார்த்தீர்கள், எந்த விளக்கு அணையாமல் நின்றது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்தால், அவர் செய்யவேண்டிய சோதனையில் பாதி மிச்சமாகும். அன்றைக்கே ஊர் திரும்பவும் பஸ் கிடைக்கும்.