நுரையீரல் புற்று ரிப்போர்ட்டில் ‘ஜீன்’ என்று வந்தால் செய்யக் கூடாத தவறுகள்

சித்தப்பாவின் நுரையீரல் புற்று ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு சித்தி என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, “ஜீன்ல மாற்றம்னு டாக்டர் சொன்னாரே, அப்ப பெரியவளுக்கும் வருமா? பொண்ணு பார்க்க வர்றவங்க கேட்டா என்ன சொல்றது?” என்பதுதான். சித்தப்பா பெங்களூர் பீனியாவில் இருபத்திரண்டு வருடம் குரோம் பிளேட்டிங் தொட்டி, அதாவது உலோகத்துக்குக் குரோம் பூச்சு ஏற்றும் தொட்டி முன்னால் நின்றவர்.

ஜீன் என்ற சொல் காதில் விழுந்ததும் பரம்பரை என்று முடிவு கட்டிவிடுவதுதான் பெரிய தவறு. அதற்குப் பின்னால் மற்ற தவறுகளும் வரிசையாக வந்துவிடுகின்றன.

குரோம் தொட்டியில் மின்சாரம் பாயும்போது ஹைட்ரஜன், ஆக்சிஜன் குமிழிகள் கிளம்பி மேலே வந்து உடைகின்றன. உடையும்போது குரோமிக் அமிலம் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் காற்றில் தெறிக்கிறது. அதிலிருப்பது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-லேயே இதை, மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகையில் சேர்த்துவிட்டது. உருவத்தில் சல்பேட்டைப் போல இருப்பதால் செல் இதைத் தடுக்காமல் உள்ளே விட்டுவிடுகிறது.

உள்ளே போனபின் இரண்டு விதமான கெடுதல் நடக்கிறது. ஒன்று, டிஎன்ஏ எழுத்துகளே சிதைவது. இன்னொன்று எபிஜெனெடிக் மாற்றம். பிளேட்டிங் தெரிந்தவர்களுக்கு இரண்டாவதை விளக்குவது சுலபம். போல்ட்டின் மரையில் குரோம் ஏறக் கூடாது என்றால் மாஸ்கிங் டேப் சுற்றித் தொட்டியில் விடுவார்கள். டேப்புக்கு அடியில் உலோகம் அப்படியே இருக்கும், ஆனால் அந்த இடத்தில் வேலை நடக்காது. மெத்தில் என்ற சின்ன வேதித் துண்டு ஜீனின் தொடக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வதும் அப்படித்தான். எழுத்து அழியாது, ஆனால் செல்லால் அதைப் படிக்க முடியாது. ஜப்பானில் குரோமேட் ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரல் கட்டிகளை ஆராய்ந்தபோது, செல் பெருகுவதற்குப் பிரேக் போடும் பி16 ஜீன் இப்படி மூடிக் கிடந்தது தெரிந்தது. டிஎன்ஏ நகலில் வரும் பிழையைத் திருத்துகிற எம்எல்எச்1 புரதமும் குறைந்திருந்தது. குரோமுக்கு முன்னால் வரும் நிக்கல் தொட்டியும் சும்மா இல்லை. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்திலிருந்து மெத்திலை உரித்தெடுக்கும் நொதிகளில், இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் நிக்கல் உட்கார்ந்து அந்த வேலையை நிறுத்திவிடுகிறது.

இதெல்லாம் வேலை செய்த வருடங்களில் நுரையீரல் செல்லுக்குள் நடந்தது. கட்டியில் இருக்கும் இந்த மாற்றம் மகளுக்குப் போகாது. சித்திக்கு இதை மூன்று முறை சொன்னேன். நான்காவது முறைதான் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் பீடியோடு முடித்துவிடுவது. ஓபியில் “பீடி சேதுத்தீரா?” என்று, பீடி குடிப்பீர்களா என்பதைக் கன்னடத்தில் கேட்டார்கள், சித்தப்பா தலையாட்டினார், எழுதிக்கொண்டார்கள். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பீடி காரணமாக இருந்தாலும் குரோமியத்தின் பங்கு அதனால் இல்லாமல் போய்விடாது. சரி, அதற்காகப் பீடியை விடாமல் இருக்கலாமா என்றால் கூடாது. புகையால் ரத்தத்தில் மாறும் மெத்தில் அடையாளங்களில் பல, விட்டபிறகு மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறார்கள்.

‘திரும்பும்’ என்ற இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு டீடாக்ஸ் பொடி விற்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். மெத்திலை நீக்கும் அசாசிட்டிடின் போன்ற மருந்துகள் சில ரத்த நோய்களுக்குத் தரப்படுகின்றன. நுரையீரல் புற்றுக்கு அவை வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. ஷிப்ட் முடிந்ததும் வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் நெஞ்சு சுத்தமாகிவிடும் என்று சித்தப்பாவின் செட்டில் எல்லோரும் நம்பினார்கள். தின்பது வயிற்றுக்குத்தான் போகும், நுரையீரலுக்குப் போகாது. ஈரக் கைக்குட்டையும் அந்தத் துளிகளைத் தடுக்காது. தொட்டி ஓரத்திலேயே உறிஞ்சும் எக்ஸாஸ்ட்டும், குமிழி தெறிக்காமல் தடுக்கும் ரசாயனமும்தான் உருப்படியான தடுப்பு.

இருமலுக்கு டிபி மாத்திரை சாப்பிட்டே மாதக்கணக்கில் கழித்துவிடுவதும் நம் பக்கம் அதிகம். சளியில் கிருமி தெரியாமல், மருந்துக்கும் கேட்காமல் இருந்தால் சிடி ஸ்கேன் எடுக்கலாமா என்று வாய் திறந்து கேளுங்கள். வேலையை விட்டுப் பத்துப் பதினைந்து வருடம் ஆயிற்றே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. இந்தப் புற்று இருபது வருடம் கழித்தும் தலைகாட்டும்.

அப்புறம், ஏதோ ஒரு டெஸ்ட் ‘இது குரோமியத்தால் வந்தது’ என்று எழுதிக் கொடுக்கும் என்று காத்திருக்காதீர்கள். கட்டியில் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற ஜீன்களைப் பார்ப்பது எந்த மாத்திரை கேட்கும் என்று தெரிந்துகொள்ள. காரணத்தைக் காட்டுவது வேலை வரலாறுதான். தொழில்சார் நோய்களுக்கான இழப்பீட்டுச் சட்டப் பட்டியலில் குரோமியத்தால் வரும் நோய்களும் இருக்கின்றன. அதனால் பழைய சம்பளச் சீட்டு, இஎஸ்ஐ அட்டை, பிஎஃப் தாள் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவோடு உட்கார்ந்து எழுதினேன். எந்த வருடம் எந்த ஷெட், எந்தத் தொட்டி, எக்ஸாஸ்ட் ஓடியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பாதியில் அவர் மூக்கைத் தொட்டுக் காட்டி, “உள்ள நடுச்சுவர்ல ஓட்டை இருக்குது, வலிக்கலைன்னு சொல்லவே இல்ல” என்றார். குரோமிக் அமிலப் புகையில் நின்றவர்களுக்கு வரும் ஓட்டை அது. பதினேழு வருடமாக இருக்கிறதாம். அதையும் எழுதிக்கொண்டேன். அடுத்த முறை ஓபியில் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டினோம். டாக்டர் படித்துவிட்டு டார்ச்சை எடுத்து மூக்குக்குள் பார்த்தார்.