ஒரு ஓபரா சோப்ரானோவின் வாழ்க்கையைக் கேட்டே தெரிந்துகொள்வது எப்படி: மரியா காலாஸை முன்வைத்து

மரியா காலாஸைப் பற்றித் தேடினால் முதலில் வந்து விழுவது கிரேக்கக் கப்பல் அதிபர் ஒனாசிஸ், அவருடைய கப்பல், முறிந்த கல்யாணம், மேடைத் தகராறு, குறைந்த எடை. அத்தனையும் படித்து முடித்தாலும் அவர் என்ன பாடினார், எப்படிப் பாடினார், 41 வயதிலேயே ஓபரா மேடையை விட்டு ஏன் இறங்கினார் என்பது மட்டும் பிடிபடாது. ஒரு ஓபரா பாடகியின் உண்மையான வாழ்க்கை வரலாறு அவர் ஏற்ற வேடங்களின் பட்டியலில் இருக்கிறது. எந்த வயதில் எந்த வேடம், அடுத்து எது, எதைக் கைவிட்டார், எதற்குத் திரும்பத் திரும்ப வந்தார் என்று பார்த்துக்கொண்டே அந்தந்த வருடத்துப் பதிவைக் கேட்டால், புத்தகம் சொல்லாததைக் குரல் சொல்லிவிடும். அதை எப்படிச் செய்வது என்றுதான் எழுதப் போகிறேன். ஓபரா கேட்டே பழக்கமில்லாதவர்களும் செய்யலாம், இத்தாலிய மொழி தெரிய வேண்டியதில்லை.

முதலில் ஒரு விஷயம். பெண் குரல்களில் மேல் ஸ்தாயிக்கு உரியது சோப்ரானோ. ஓபரா அரங்கில் மைக் கிடையாது. கீழே ஐம்பது அறுபது பேர் வாத்தியம் வாசித்துக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்தைத் தாண்டி கடைசி வரிசை வரை வெறும் தொண்டையால் எட்ட வேண்டும். அவர்கள் 'ஹை சி' என்று சொல்லும் சுரத்தில் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 1,047 முறை அதிர்கின்றன. இதைச் சும்மா தகவலுக்காகச் சொல்லவில்லை. புதிதாகக் கேட்கிற எல்லோரும் சொல்லும் குறை ஒன்று உண்டு: "மேலே போனால் வார்த்தையே புரியவில்லை." அது பாடகியின் குறை இல்லை. ஈ, ஊ, ஆ என்று உயிரெழுத்துகளை நாம் பிரித்தறிவது வாய்க்குள் உண்டாகும் ஒத்ததிர்வை வைத்து. பாடும் சுரம் அந்த ஒத்ததிர்வுக்கும் மேலே ஏறிவிட்டால் எல்லா எழுத்தும் 'ஆ' மாதிரிதான் கேட்கும், யார் பாடினாலும். அதனால் உச்சியில் வார்த்தையைத் தேடாதீர்கள். வார்த்தையை நடு ஸ்தாயியில் தேடுங்கள், ஒரு பாடகி எப்படிப்பட்டவர் என்று அங்கேதான் தெரியும்.

சோப்ரானோவுக்குள்ளும் ரகங்கள் இருக்கின்றன. மென்மையாக, நீளமாக இழைத்துப் பாடுவது லிரிக். பிருகா போல வேகமாக உதிர்த்து உச்சிக்குப் போவது கொலராச்சுரா. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் பெரிய வாத்தியக் குழுவை எதிர்த்து நிற்கும் கனமான குரல் டிராமாடிக். லிரிக்குக்கும் டிராமாடிக்குக்கும் நடுவில், தேவைப்படும்போது கூர்மையாகத் தள்ளக்கூடியது ஸ்பின்டோ. ஜெர்மன் அரங்குகளில் இந்தப் பிரிவை வைத்தே வேடம் கொடுப்பார்கள். இவ்வளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

சரி, ஒரு நோட்டை எடுத்து நான்கு பத்தி போடுங்கள்: வருடம், வயது, வேடம், ஊர். காலாஸ் பிறந்தது 1923 டிசம்பரில், நியூயார்க்கில், கிரேக்கப் பெற்றோருக்கு. 1937இல் அம்மாவோடு ஏதென்ஸ் போகிறார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியை எல்விரா தே இதால்கோ, தாமே ஒரு கொலராச்சுரா பாடகி. தம் வகுப்பு முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் மற்ற மாணவர்கள் பாடுவதை நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாராம் காலாஸ். பின்னால் எல்லா ரகத்தையும் பாடியதற்கு விதை அந்த நாற்காலியில் விழுந்தது என்பது என் எண்ணம்.

முதல் வரி: 1942, வயது 18, டோஸ்கா, ஏதென்ஸ். புச்சினியின் 'டோஸ்கா' ஓபராவின் நாயகிதான் டோஸ்கா. 18 வயதில் டோஸ்கா என்பது சாதாரண விஷயம் இல்லை, அது முதிர்ந்த ஸ்பின்டோ குரல் கேட்கும் வேடம். அடுத்து 1947, வயது 23, லா ஜியோகொண்டா, வெரோனாவின் திறந்தவெளி அரங்கம். வாத்தியக் குழுவை நடத்தியவர் (அதாவது நடத்துநர்) துல்லியோ செராஃபின். அப்புறம் 1947 கடைசியில் இசோல்டே, 1948இல் டுராண்டோட், நார்மா. எல்லாமே கனமான வேடங்கள். பத்தியை நிரப்பும்போதே கொஞ்சம் பயம் வர வேண்டும், எனக்கு வந்தது.

1949 ஜனவரி வரியின் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெனிஸ், லா ஃபெனிசே அரங்கம். காலாஸ் வாக்னரின் 'டி வால்க்யூரே'யில் புரூன்ஹில்டே பாடிக்கொண்டிருக்கிறார். அதே அரங்கில் இத்தாலிய இசையமைப்பாளர் பெல்லினியின் 'இ பூரித்தானி'யில் எல்விரா பாட வேண்டிய மார்கரீத்தா கரோசியோவுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. செராஃபின் காலாஸைப் பாடச் சொல்கிறார். புரூன்ஹில்டே டிராமாடிக் என்றால் எல்விரா பிருகா மழை. சில நாட்களில் பாடம் செய்து, அதே மாதத்தில் இரண்டையும் பாடினார், வயது 25. பட்டியல் அங்கேதான் திசை மாறுகிறது. பொதுவாகப் பாடகிகள் லேசான வேடத்தில் தொடங்கிக் கனமானதுக்குப் போவார்கள், இவர் கனத்திலிருந்து நுணுக்கத்துக்கு வந்தார். 1951 டிசம்பர் 7 அன்று மிலானின் லா ஸ்காலா அரங்கின் பருவத்தையே அவர்தான் தொடங்கி வைக்கிறார், 1952இல் மெக்சிகோ நகரத்தில் இன்னொரு பிருகா வேடமான லூசியா பாடுகிறார்.

இனி காதுக்கு வேலை. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் 1953இல் விக்டர் தே சபாட்டா நடத்திய டோஸ்கா ஸ்டூடியோப் பதிவு என்பேன். மோனோதான், ஆனால் எல்லாம் தெளிவாகக் கேட்கும், கூடப் பாடும் டீட்டோ கோபியும் ஜுசெப்பே டி ஸ்டெஃபானோவும் சளைத்தவர்கள் இல்லை. கதையை முன்கூட்டியே படித்துவிடுங்கள். தெரியாமல் கேட்டால் இசை தானாகப் புரியும் என்று சிலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓபரா முதலில் நாடகம், யார் யாரை மிரட்டுகிறார் என்று தெரியாமல் கேட்டால் பாதி போய்விடும். பாடல்வரியும் மொழிபெயர்ப்பும் பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்து செய்ய வேண்டியதுதான் இந்த முறையின் உயிர்: ஒரே வேடத்தை வேறு வேறு வருடங்களில் கேட்பது. காலாஸ் விஷயத்தில் அதிர்ஷ்டவசமாக ஒரு நல்ல ஜோடி இருக்கிறது. பெல்லினியின் நார்மாவை 1954இல் ஒருமுறை, 1960இல் ஒருமுறை ஸ்டூடியோவில் பதிவு செய்திருக்கிறார். இரண்டுக்கும் நடத்துநர் செராஃபின், இரண்டிலும் லா ஸ்காலாவின் வாத்தியக் குழு. மாறியிருப்பது ஆறு வருடம், சேர்ந்து பாடியவர்கள், ஒலிப்பதிவு முறை, அவ்வளவுதான்.

'காஸ்தா தீவா' பாட்டை இரண்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். புல்லாங்குழல் தொடங்கி வைக்கும், குரல் மெதுவாக நீண்டு போகும், போய்ப் போய் ஓரிடத்தில் ஒரே மேல் சுரத்தைத் தாளம் தவறிய மாதிரி திரும்பத் திரும்பத் தொட்டு, அதற்கு மேல் அரைச் சுரம் ஏறி இறங்கும். அந்த இடத்தில் நிறுத்தி, பத்துப் பதினைந்து விநாடியை மட்டும் நாலைந்து தடவை போட்டுக் கேளுங்கள். நல்ல குரலில் இயல்பாகவே ஒரு நடுக்கம் இருக்கும், நொடிக்கு ஐந்து ஆறு முறை, அதுதான் வைப்ரேட்டோ, அது இருந்தால்தான் சுரத்துக்கு உயிர். அந்த நடுக்கம் வேகம் குறைந்து அகலமாகிவிட்டால் சுரம் ஆடுகிற மாதிரி கேட்கும். 1954இல் உச்சியில் கொஞ்சம் கடினம் உண்டு, ஆனாலும் பிடி இருக்கிறது. 1960இல் ஆட்டம் தெளிவாகவே கேட்கிறது. இதைக் கேட்டதும் "போச்சு, குரல் போச்சு" என்று மூடி வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து மூடாதீர்கள், இரண்டாம் அங்கத்தின் முடிவுக்குப் போங்கள்.

அங்கே நடப்பது இது. குலத்துக்குத் துரோகம் செய்த பூசாரிணி ஒருத்தி இருக்கிறாள், அவளைச் சிதையில் ஏற்ற வேண்டும் என்று நார்மா கூட்டத்துக்கு அறிவிக்கிறாள். எல்லோரும் பெயரைக் கேட்கிறார்கள். இளையவள் அடல்ஜீசாவின் பெயர்தான் வரப்போகிறது என்று காதலன் நடுங்கிக்கொண்டிருக்கிறான். நார்மா சொல்கிறாள்: "சோன் இயோ." நான்தான். இரண்டே சொல், பெரிய சுரம் கிடையாது, பிருகா கிடையாது, வாத்தியங்களும் ஒதுங்கி நிற்கின்றன. காலாஸ் அதைக் கத்தவில்லை. முடிவெடுத்து ரொம்ப நேரமாகிவிட்ட ஒருத்தி சொல்வது போலச் சொல்கிறார். 1960 பதிவில் அந்த நடுக் குரல் இன்னும் இருண்டு, இன்னும் கனிந்து இருக்கிறது. உச்சியில் போனதும் நடுவில் சேர்ந்ததும் ஒரே ஆறு வருடத்தில் நடந்தவை. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் அவர் வாழ்க்கை கேட்கும். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

வெர்டியின் 'லா டிராவியாடா'வும் இதற்கு ஏற்றது. முதல் அங்கத்துக்கு ஒரு குரல், இரண்டாவதுக்கு வேறு குரல், மூன்றாவதுக்கு இன்னொன்று வேண்டும் என்று பாடகிகளே சொல்லும் வேடம் அது. இங்கே ஒரு சிக்கல் உண்டு: காலாஸ் 1953இல் ஒரு நிறுவனத்துக்காக இதைப் பதிவு செய்தார், அந்த ஒப்பந்தம் இருந்ததால் 1955இல் வேறொரு நிறுவனம் பதிவு செய்தபோது அவரால் பாட முடியவில்லை. அவருடைய சிறந்த வயலெட்டா (அந்த ஓபராவின் நாயகி) மேடையில் எடுத்த நேரடிப் பதிவுகளில்தான் இருக்கிறாள். 1955 மே மாதம் லா ஸ்காலாவில் விஸ்கோந்தி இயக்க, ஜூலினி நடத்தியது ஒன்று, 1958 மார்ச்சில் லிஸ்பனில் பாடியது ஒன்று. ஒலி கரகரக்கும், யாராவது இருமுவார்கள், பத்து நிமிடத்தில் காது பழகிவிடும். மூன்றாம் அங்கத்தில் அவள் கடிதம் படிக்கும் இடத்தைத் தேடுங்கள். அது பாட்டே இல்லை, பேச்சு. பின்னால் வயலின் முதல் அங்கத்துக் காதல் மெட்டை மெல்ல நினைவூட்டிக்கொண்டிருக்கும். படித்து முடித்ததும் "ஏ தார்தி", நேரம் கடந்துவிட்டது என்கிறாள். அதற்கடுத்த பாட்டின் கடைசிச் சுரத்துக்கு 'குரலின் ஒரு நூல்' என்று வெர்டி குறித்து வைத்திருக்கிறார். அந்த நூல் எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்று இரண்டு பதிவிலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது ஊர்ப் பேச்சுக்கு வரலாம், இதற்கு முன்னால் வர வேண்டாம். 1958 ஜனவரி 2, ரோம். இத்தாலியக் குடியரசுத் தலைவர் அமர்ந்திருக்கிறார், நார்மாவின் முதல் அங்கம் முடிந்ததும் காலாஸால் தொடர முடியவில்லை. திமிர் என்று பத்திரிகைகள் எழுதின. மைக் இல்லாத அரங்கில், தொண்டை கைவிட்ட பிறகு இன்னும் ஓர் அங்கம் நார்மா பாடு என்பது என்ன கேள்வி என்று, இவ்வளவு கேட்டுப் பழகியவருக்குத் தானாகத் தெரியும். குரல் சரிந்ததற்கு எடை குறைந்ததுதான் காரணம், காதல்தான் காரணம் என்று ஒற்றைக் காரணம் சொல்பவர்களையும் அவ்வளவாக நம்ப வேண்டாம். உங்கள் நோட்டையே பாருங்கள்: 27 வயதுக்குள் டோஸ்கா, இசோல்டே, டுராண்டோட், புரூன்ஹில்டே; இன்னும் எழுதாத குண்ட்ரி (வாக்னரின் 'பார்சிஃபால்'), அபிகாயில்லே (வெர்டியின் 'நபுக்கோ') இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலுக்குப் பெரிய பங்கு உண்டு.

1965 ஜூலை 5, லண்டன் காவென்ட் கார்டன், டோஸ்கா. அதுதான் அவருடைய கடைசி ஓபரா. 18 வயதில் தொடங்கிய வேடத்திலேயே முடித்திருக்கிறார். அதே அரங்கில் 1964 பிப்ரவரியில் இரண்டாம் அங்கத்தைப் படம்பிடித்திருக்கிறார்கள், கட்டாயம் பாருங்கள். கதையின் வில்லன் ஸ்கார்பியா மேசையில் எழுதிக்கொண்டிருக்க, கத்தி கண்ணில் படும் அந்தக் கணத்தில் அவர் பாடவே இல்லை, கை மட்டும் நின்றுவிடுகிறது. 1971-72இல் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் மாணவர்களுக்கு எடுத்த வகுப்புகளின் ஒலிப்பதிவும் இருக்கிறது, பாடகியின் மூளை வேலை செய்வதைக் கேட்கலாம். 1977 செப்டம்பரில் பாரிஸில் இறந்தபோது அவருக்கு 53 வயது.

இந்த முறையை ஒருவரோடு நிறுத்தாதீர்கள். எல்லோரும் சீக்கிரம் எரிந்துவிடுவதில்லை. நார்வேயின் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் 18 வயதில் மேடை ஏறி, பல வருடம் சின்னச் சின்ன வேடங்களும் ஆப்பரெட்டா என்னும் லேசான ஓபராக்களும் பாடிக்கொண்டிருந்து, 39 வயதில்தான் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவுக்கு வந்து வாக்னரால் உலகப் புகழ் பெற்றார். லியன்டீன் பிரைஸ் 1985இல் அதே மெட்ரோபாலிடன் ஓபராவில் ஐடா பாடி விடைபெற்றபோது வயது 57. ஆனால் காலாஸுக்கு அடுத்து நான் பரிந்துரைப்பது மிரெல்லா ஃப்ரேனியை. அவர் மிமி போன்ற லிரிக் வேடங்களில் வருடக்கணக்காக இருந்து, படிப்படியாக டெஸ்டெமோனா, ஐடா என்று கனத்துக்குப் போனவர், 2005 வரை மேடையில் இருந்தார். நோட்டில் புதுப் பக்கம் போட்டு, முதல் வரியை இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: 1955, வயது 20, 'கார்மென்' ஓபராவில் மைகேலா, மொடேனா.