அண்டி ஆபீஸ் கடனுக்கு எஃப்.ஆர்.ஏ. போடுவது எப்படி?

மூன்று மாதம் கழித்துத் தூத்துக்குடியில் ஆப்பிரிக்க முந்திரிக் கொட்டை இறங்கும். அன்றைக்கு 5 கோடி கடன் எடுத்தாக வேண்டும். குலசேகரம், கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை, நடத்துகிறவர்களுக்கு இது பழகிய கணக்கு. அதற்குள் வட்டி ஏறினால் பருப்பில் வரும் லாபத்தை அது தின்றுவிடும். அந்த வட்டியை இன்றைக்கே பூட்டி வைக்கும் வழிதான் எஃப்.ஆர்.ஏ. என்கிற முன்னோக்கு வட்டி ஒப்பந்தம். ரிசர்வ் வங்கி 1999-லேயே இதை அனுமதித்துவிட்டது. அசல் கைமாறாது, வட்டி வித்தியாசம் மட்டும் கைமாறும். கடன் வாங்குகிறவர் எஃப்.ஆர்.ஏ.வை 'வாங்க' வேண்டும்: வட்டி ஏறினால் வங்கி தரும், இறங்கினால் நீங்கள் தர வேண்டும்.

1. முதலில் சாங்ஷன் லெட்டரை (வங்கி கடன் ஒப்புதல் கடிதம்) எடுங்கள். உங்கள் வட்டி எதோடு கட்டப்பட்டிருக்கிறது? ரெப்போவா (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி), 91 நாள் டிரஷரி பில்லா (அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரம்)? ரெப்போக் கடனுக்கு டிரஷரி பில் எஃப்.ஆர்.ஏ. போட்டால் ஒன்று ஏறும்போது மற்றது அசையாமல் நிற்கலாம். அப்போது பாதுகாப்பு பாதிதான். இது பொருந்தவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

2. காலத்தைக் குறியுங்கள். '3×6' என்றால் ஆறு மாதப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. மூன்றாம் மாத முடிவில் தொடங்கி ஆறாம் மாதத்தில் முடியும் மூன்று மாதம் அது. தொடக்க நாளும் கடன் எடுக்கும் நாளும் ஒன்றாக இருக்கட்டும்.

3. நிறுவனம் என்றால் எல்.இ.ஐ. எண் (நிறுவனத்தை அடையாளம் காட்டும் சர்வதேச எண்) கட்டாயம், காலாவதியாகியும் இருக்கக் கூடாது. வங்கியோடு இஸ்டா ஒப்பந்தமும் (இப்படிப்பட்ட வணிகங்களுக்கான பொது மாதிரி ஒப்பந்தம்) வேண்டும். இரண்டையும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

4. விலையை, அதாவது வங்கி சொல்லும் எஃப்.ஆர்.ஏ. வட்டியை, சரிபாருங்கள். டிரஷரி பில் ஏலம் புதன்கிழமைதோறும் நடக்கும். முடிவு ரிசர்வ் வங்கித் தளத்தில் இருக்கும். உதாரணத்துக்கு 91 நாள் 5.80%, 182 நாள் 5.95% என்று வைப்போம். 182 நாளில் ஒரு ரூபாய் 1.029668 ஆகும், 91 நாளில் 1.014460. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, 1-ஐக் கழித்து, 365/91-ஆல் பெருக்கினால் 6.01%. வங்கி 6.10% சொன்னால் 0.09% அதன் லாபம். இதற்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம், எக்செல்லில் ஒரு வரி போதும். இரண்டு வங்கியிலாவது, ஒரே நாளில், ஒரே நேரத்தில் விலை கேளுங்கள்.

5. தீர்வுத் தொகை, அதாவது தொடக்க நாளில் கைமாறும் வித்தியாசப் பணம். தடுமாற்றம் இங்கேதான். 6.10%-க்குப் பூட்டியிருக்கிறீர்கள், அன்றைய வட்டி 6.70%. வித்தியாசம் 0.60%, 5 கோடிக்கு 91 நாளுக்கு ₹74,795. ஆனால் கணக்கில் ₹73,566தான் விழும். வங்கி ஏமாற்றவில்லை. கடன் வட்டி காலத்தின் முடிவில் கட்ட வேண்டியது, எஃப்.ஆர்.ஏ. பணமோ தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. அதனால் 74,795-ஐ 1 + (0.067 × 91/365)-ஆல் வகுக்கிறார்கள். ₹73,566-ஐ அதே 6.70%-க்கு 91 நாள் போட்டுவைத்தால் மறுபடி ₹74,795 ஆகும். வட்டி 5.50%-க்கு இறங்கினால் நீங்கள் ₹73,783 கட்ட வேண்டும்; வகுக்கும் வட்டி குறைவு என்பதால் தொகை சற்றுக் கூடுகிறது. அந்தப் பணத்தை அன்றைக்குத் தயாராக வைத்திருங்கள், கடன் மலிவாகிற பலன் பிறகுதான் வரும்.

வங்கியின் கூடுதல் சதவீதத்தை எஃப்.ஆர்.ஏ. தொடாது. 2.75% ஸ்ப்ரெட் என்றால் உங்கள் மொத்த வட்டி 8.85%. கடன் வட்டியை மாதாமாதம் பிடித்தால் சில நூறு ரூபாய் முன்பின் ஆகும், அதை விட்டுவிடலாம்.

சி.சி. கணக்கு (லிமிட் வரை வேண்டும்போது எடுத்துக் கட்டும் கேஷ் கிரெடிட்) வைத்திருப்பவர்கள் முழு லிமிட்டுக்கும் போட வேண்டாம். பாக்கி எந்த மாதமும் எவ்வளவுக்குக் கீழே இறங்காதோ, அந்தத் தொகைக்கு மட்டும் போடுங்கள்.

கப்பல் தாமதமானால் எஃப்.ஆர்.ஏ. காத்திருக்காது. கடன் இல்லாமல் ஒப்பந்தம் மட்டும் நின்றால் அது வெறும் பந்தயம். தேதி தள்ளிப்போகிறது என்று தெரிந்த அன்றே வங்கியிடம் சந்தை விலைக்கு முறித்துக்கொண்டு, புதிய தேதிக்கு வேறொன்று போடுங்கள்.