தெருலைட்டு எரியலன்னா யார்ட்ட போயி நிக்கணும்

எங்க பக்கம் தெருலைட்டு எரியலன்னாலும் சரி பட்டா மாறலன்னாலும் சரி, நேரா பிரசிடெண்டு வீட்டு வாசல்ல போயி நின்னுருவாவ. பட்டாவுக்கும் பஞ்சாயத்துக்கும் சம்பந்தமே கிடையாது, அது தாலுகா ஆபீஸ் சோலி. குளம்னா இன்னும் குழப்பம், ஆயக்கட்டு, அதாவது அந்தக் குளத்துத் தண்ணி பாயுத நிலம், 100 ஏக்கருக்குக் கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியம், அதான் யூனியன், பாக்கணும், அதுக்கு மேலன்னா நீர்வளத்துறை.

அப்போ பஞ்சாயத்து எதத்தான் செய்யணும்? 1994 ஊராட்சிகள் சட்டத்துல 110வது பிரிவு. ஊர் ரோடு, தெருலைட்டு, சாக்கடை, குப்பை, சுடுகாடு, குடிதண்ணி எல்லாம் அதுல கடமைன்னே போட்டுருக்கு. 111ல வாரது மரம் நடுறது, பார்க்கு மாதிரி, செஞ்சா செய்யலாம் அவ்வளவுதான். அதனால மனுவுல 110ஐ எழுதிப் போடுங்க. ஆனா 110லயே கையில இருக்க நிதிக்குத் தக்கனதான்னும் இருக்கு, ஃபண்டு இல்லன்னு சொல்லுதது அத வச்சுத்தான். அப்படிச் சொன்னா வரவு செலவக் கேளுங்க, கிராமசபையில கேக்க உரிமை உண்டு.

கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 நடக்கும், வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா நீங்களும் மெம்பர்தான். மனு ரெண்டு காப்பி, கம்பத்து நம்பரப் பாத்து எழுதிக்கிடுங்க, ஒரு காப்பியில தேதியோட சீல் வாங்கிருங்க.

இங்கனதான் நான் ஏமாந்தேன். ஒரு தடவ கிராமசபைக்குப் போனதும் நீள நோட்டு ஒண்ண நீட்டுனாவ, மேல பாதிப் பக்கம் வெறுமனே கிடக்கு, கீழ வரிசையா கையெழுத்து, நானும் டீய ஒரு கையில வச்சிக்கிட்டே போட்டுட்டு வந்துட்டேன். பொறவு போயி பாத்தா அந்தப் பாதியில என்னென்னமோ தீர்மானம் எழுதியிருக்கு, நாங்க கத்துன சாக்கடையத் தவிர. அதனால தீர்மானத்த எழுதி வாசிச்ச பொறவு கையெழுத்து போடுங்க, அந்தப் பக்கத்த போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கிடுங்க. கிளார்க்கு மூஞ்சியச் சுளிப்பாரு, சுளிக்கட்டும்.

ஒண்ணும் நடக்கலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி, எந்தத் தேதி தீர்மானம், அதுக்கு என்ன நடவடிக்கைன்னு கேளுங்க, 30 நாளுக்குள்ள பதில் தரணும். அதுக்கும் மேலன்னா திங்கக்கிழம கலெக்டர் ஆபீசுல மனு, எங்க திருநெல்வேலிக்கு அது கொக்கிரகுளத்துல இருக்கு. அது சுத்தி யூனியனுக்கேதான் வரும் அண்ணாச்சி, ஆனா கலெக்டர் ஆபீஸ் நம்பரோட வந்த தாள அவ்வளவு லேசுல பீரோவுக்குள்ள போட முடியாது.