பத்து வீடு, ஒரு மீட்டர் நோட்டு: தாமானில் தொண்டர் குழு தொடங்குவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருப்பவர்களில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) ஒரு சாவு என்றால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஒருவர் விறகு கொண்டுவருவார், ஒருவர் கொட்டகை போடுவார், அடுப்படியில் கோப்பி கொதிக்கும். அதே குடும்பங்கள்தான் இன்று கேட்டைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓர் ஏர்கோன், வீட்டுக்கு ஒரு குப்பைத் தொட்டி என்று இருக்கிறோம். ஆனால் கூடி வேலை செய்யும் பழக்கம் போய்விடவில்லை. திருவிழா அன்னதானத்தன்று வந்து பாருங்கள், தெரியும். அந்தப் பழக்கத்தை மின்சாரம், குப்பை பக்கம் திருப்புவதற்கு நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஆள் சேர்க்கும் முன் ஒரே ஒரு வேலையை முடிவு செய்யுங்கள்

நாங்கள் முதலில் புலனக் (வாட்ஸ்அப்) குழுதான் தொடங்கினோம். 60 பேர் சேர்ந்தார்கள். தினமும் காலை வணக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை என்றதும் நான்கு பேர் வந்தார்கள். அவர்கள் மேல் குறையில்லை. "பசுமைத் தாமான்" என்று அறிவித்தோமே தவிர, வந்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவே இல்லை. அடுத்த முறை ஒரே வேலை: பத்து வீடுகளின் மின்சார மீட்டரைக் குறிப்பது. இது நன்றாகப் போனது. செலவு கிடையாது, பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்யலாம், ஒரே மாதத்தில் பலன் கண்ணுக்குத் தெரியும்.

2. மீட்டர் நோட்டு

ஒவ்வொரு ஞாயிறு இரவும் ஒரே நேரத்தில் மீட்டர் எண்ணை எழுதுங்கள். இந்த வார எண்ணிலிருந்து போன வார எண்ணைக் கழித்தால் ஒரு வாரத்து யூனிட். 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இந்த ஒரு கணக்கை எல்லாருக்கும் புரியவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆலய மண்டபத்தில் இதை வைத்துத்தான் பெரியவர்களிடம் பேசினோம். பழைய நீளக் குழல்விளக்கு, அதன் சோக்கோடு சேர்த்து ஏறக்குறைய 45 வாட் இழுக்கும். அதே நீள எல்இடி குழல் 18 வாட். விளக்குக்கு 27 வாட் மிச்சம். 12 விளக்கு, தினம் 5 மணி நேரம் என்றால் நாளுக்கு 1.6 யூனிட், மாதத்துக்கு ஏறக்குறைய 48 யூனிட். பலகையில் எழுதிக் காட்டியதும் தலைவர் வேறு கேள்வி கேட்கவில்லை. ஒன்று மட்டும் கவனம்: பழைய விளக்குச் சட்டகத்தில் எல்இடி போடும்போது சில குழல்களுக்கு உள் வயரை மாற்ற வேண்டும். அதைத் தொண்டர்கள் தொடக்கூடாது, உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

வீடுகளில் பெரிய செலவு ஏர்கோன்தான். 24 டிகிரியில் வைத்து, காற்றாடியையும் மெதுவாகச் சுழலவிட்டால் போதுமான குளிர்ச்சி கிடைக்கும். வடிகட்டியை மாதம் ஒரு முறை கழுவ வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்குத் தானாக அணையும்படி டைமர் வைக்கலாம். கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கும் வீட்டில் இதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அப்புறம், எந்த வீட்டு யூனிட் கணக்கையும் மற்றவர் முன் படிக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டையும் அதன் போன மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

3. பெரட்டு மாதிரி வேலை பிரியுங்கள்

தோட்டத்தில் விடியலில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் வரிசைக்கு, நின்றால் யாருக்கு எந்த மர நிரை என்று தெரிந்துவிடும். தொண்டர் குழுவுக்கும் அந்தத் தெளிவு வேண்டும். அதிகாரம் வேண்டாம். "எல்லாரும் வாங்க" என்றால் யாரும் வரமாட்டார்கள். நேரில் போய், "மாமா, ஞாயிறு எட்டு மணிக்கு உங்க ஏணி வேணும், நீங்களும் வரணும்" என்று கேட்டால் வருவார். "அக்கா, பத்து வீட்டு நோட்டு உங்க கையில இருக்கட்டும்" என்றால் அந்த நோட்டு பத்திரம்.

எந்த வேலையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர். எண்ணெய் ஆலையில் ஷிப்ட் பார்ப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஒருவர் வராவிட்டாலும் வேலை நிற்காது. வேலை முடிந்ததும் சேர்ந்து பசியாறுங்கள். தட்டும் குவளையும் அவரவர் வீட்டிலிருந்து வரட்டும். இந்த அரை மணி நேரத்தை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். புதிதாகக் குடிவந்த மலாய்க் குடும்பமும் சீனப் பெரியவரும் எங்களோடு சேர்ந்தது இங்கேதான்.

4. குப்பையும் கொசுவும்

மீட்டர் வேலை மூன்று மாதம் நிலைத்த பிறகு உரக்குழிக்குப் போங்கள். ஆலயத்துப் பூவும் வாழை இலையும் அருமையான சரக்கு. பூ கட்டிய நாரையும் பிளாஸ்டிக்கையும் பிரித்துவிட வேண்டும். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு. மீன், இறைச்சி, எண்ணெய் வேண்டாம். வாரம் ஒரு முறை கிளறுங்கள். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம். நம்மூர் மழைக்கு மேலே தகரம் கட்டாயம்.

மழைநீர் பீப்பாய் வைப்பவர்கள் நெருக்கமான வலை கட்டி மூடுங்கள். ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். அதனால் வாராவாரம் பார்ப்பதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். டிங்கி வந்துவிட்டால் குழுவின் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும். சுகாதார இலாகா அபராதமும் போடும்.

5. பணம்

சிறு தொகை, திறந்த கணக்கு. அமைச்சராகவும் ம.இ.கா. கட்சித் தலைவராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் நம்ம சுங்கை சிப்புட்காரர். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாக (அன்றைய மலாயா டாலர்) கட்டி 100 வெள்ளிப் பங்கு எடுத்தார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. நமக்கு வீட்டுக்கு மாதம் 2 வெள்ளி (ரிங்கிட்) போதும். வாங்குபவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர். மாதக் கணக்கை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்த அமைப்பு பதிவு பெற வேண்டும். தொடக்கத்தில் ஆலய நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்தார் அமைப்பு) என்று ஏற்கெனவே பதிவான ஓர் அமைப்பின் துணைக்குழுவாக இயங்குவது சுலபம்.

முதலில் வாங்க வேண்டியது எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் சாமான். நாங்கள் வாங்கியது ஓர் ஏணி, ஒரு துளைக்கருவி, ஒரு புல்வெட்டும் இயந்திரம். மூன்றும் ஆலயக் கொட்டகையில் இருக்கின்றன. எடுப்பவர் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு எடுக்கிறார்.